பொம்மையின் தொட்டில்

எனக்கு வயது நாற்பத்தாறு. என் பெயரையும் தகப்பனார் பெயரையும் போலீஸ் ரைட்டர் மேலே தனியாக எழுதிக்கொண்டார். கடைவீதியில் பஞ்சுக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். கீழே ஒரு அறையில் தலையணையும் மெத்தையும் தைத்து விற்கிறேன். மெத்தைக்கார அக்கா வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். இந்த ஆஸ்பத்திரியில் காணாமல் போனதாகப் புகார் எழுதப்பட்ட ஆண் குழந்தை என் உடன்பிறந்த தம்பியின் மகன். அவனை நான் திருடவில்லை. ஆனால் அவனைத் தாயின் பக்கத்திலிருந்து தூக்கிப் போனது நான்தான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி கைப்பிள்ளையாக இருக்கும்போதே எங்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பியை நான்தான் வளர்த்தேன். பிறகு என் இரண்டு பெண்களையும் வளர்த்தேன். மூவரையும் நான் தைத்த தலையணையில் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைத்தேன். மூவரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். என் தம்பி நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டான், அவ்வளவு உயரம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளை வளர்ப்பதில் என்னை ஒருவரும் கேள்வி கேட்க முடியாது என்று இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மனைவிக்கு இது தலைப்பிரசவம். அவள் மாசமாக இருக்கும்போதே பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு குட்டி மெத்தையும் ஒரு தலையணையும் தைத்து வைத்தேன். பஞ்சில் ஒரு தூசு இல்லாமல் கையாலேயே பொறுக்கினேன். உறையை மூன்று முறை துவைத்து மெதுவாக்கினேன். பிரசவம் ஆனதிலிருந்து வார்டில் அவளுக்குத் துணையாக நான்தான் இருக்கிறேன். ஒரு நோயாளிக்கு ஒரு துணையாள்தான் என்று கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ் கொடுத்திருந்தார்கள்.

இன்று காலை வார்டின் கோடியில் உள்ள அறையில் புதுத் தாய்மார்களுக்கு வகுப்பு நடந்தது. குழந்தையை எப்படித் தூங்க வைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. அதை நடத்தும் நர்ஸை எல்லோரும் வகுப்பு சிஸ்டர் என்று அழைக்கிறார்கள். தம்பி மனைவி கூப்பிட்டதால் நானும் போய் உட்கார்ந்தேன். தூங்குவதற்கே வகுப்பு என்றால் கொட்டாவி விடுவதற்கு என்றைக்கு என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்துவிட்டார். அதன் பிறகு அவர் நான்கு பக்கமும் கம்பி வைத்த ஒரு தொட்டிலைக் காட்டினார். அதில் கெட்டியான மெல்லிய மெத்தையும் இழுத்துக் கட்டிய விரிப்பும் தவிர ஒன்றும் இல்லை. குழந்தையை இதில் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகலோ இரவோ அப்படித்தான், தலையணை வேண்டாம், போர்வை வேண்டாம், பொம்மை வேண்டாம் என்றார். பிஞ்சுக் கழுத்துக்குத் தலையைத் தூக்கித் திருப்பும் பலம் கிடையாது, முகம் மெத்தென்ற எதிலாவது புதைந்தால் தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கும், அழக்கூடச் செய்யாது என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மல்லாக்கப் போட்டால் பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும், குப்புறப் போட்டால்தான் நன்றாகத் தூங்கும், மூன்று பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன் என்றேன். அதற்கு சிஸ்டர் கோபப்படவில்லை.

"நல்லாத்தாம்மா தூங்கும். மூச்சு முட்டினாக்கூட எழுந்திருக்காத அளவுக்குத் தூங்கும். அதான் எங்களுக்குப் பயமே" என்றார்.

அதன் பிறகு, வீட்டிலிருந்து யாராவது தலையணை கொண்டுவந்திருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். தம்பி மனைவி என் முகத்தைப் பார்க்காமல் பையிலிருந்து நான் தைத்த தலையணையை எடுத்துக் கொடுத்தாள். சிஸ்டருக்கு அது யார் தைத்தது என்று தெரியாது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, கையை மடக்கி நடுவில் அழுத்தினார். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. இந்த இடத்தில் ஒரு குழந்தையின் முகம் இருப்பதாக நினைத்துப் பாருங்கள் என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பஞ்சு அப்படி உள்வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நான் வந்த பிறகு சிஸ்டர் அறையின் மூலையில் இருந்த திரையை விலக்கி இரண்டாவது தொட்டிலைக் காட்டியிருக்கிறார். செய்யக் கூடாத எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்து வைத்த தொட்டில் அது. என்னென்ன தப்பு என்று தாய்மார்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம். அது எனக்கு இப்போது, இந்தப் போலீஸ் அறைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டு அடங்கியிருந்தது. பிரசவம் ஆனதிலிருந்து சரியாகத் தூங்காத தம்பி மனைவி அப்போதுதான் கண் அசந்தாள். குழந்தை அவள் கட்டிலை ஒட்டிய தொட்டிலில் மல்லாக்கக் கிடந்து கையைக் காலை உதறிச் சிணுங்க ஆரம்பித்தான். இவன் அழுதால் அவள் எழுந்துவிடுவாள் என்று அவனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். தோளில் இருந்தால் தூங்கினான், கீழே விட்டால் அழுதான். அப்படியே நடந்து வகுப்பு அறைக்குள் போனேன். உள்ளே யாரும் இல்லை. திரை பாதி விலகியிருந்தது. அதன் பின்னால் அந்தத் தொட்டிலைப் பார்த்தேன்.

நல்ல வேலைப்பாடு என்றால் எனக்குத் தெரியும். புசுபுசுவென்று மெத்தை, ஓரம் தைத்த போர்வை, சுற்றிலும் மெத்தென்ற தடுப்பு, நடுவில் ஒரு தலையணை. தலையணையில் ஒரு பொம்மை குப்புறக் கிடந்தது. நிஜக் குழந்தை அளவு, அதே கனம், ஆஸ்பத்திரியில் எல்லாக் குழந்தைக்கும் போடுகிற அதே வெள்ளைக் குல்லா, அதே துணி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு இதை ஒளித்து வைத்துக்கொண்டு நம் பிள்ளையைப் பலகையில் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பொம்மையையே குப்புறத்தான் படுக்க வைத்திருக்கிறார்கள், நமக்கு மட்டும் மல்லாக்க என்று வாய்விட்டே சொன்னேன். அதன் பிறகு பொம்மையை எடுத்து அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். குழந்தையைப் பொம்மை கிடந்த இடத்தில் அது கிடந்தபடியே படுக்க வைத்து, போர்வையைத் தோள் வரை இழுத்துவிட்டு, முதுகில் தட்டிக் கொடுத்தேன். ஒரு சத்தம் இல்லை, உடனே தூங்கிவிட்டான். நான்தான் ஜெயித்தேன் என்று இருந்தது.

அந்த நேரத்தில் வார்டு ஆயா வராந்தாவிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தம்பி மனைவிக்கு ஒரு மருந்து வெளியே வாங்க வேண்டும் என்று சீட்டு கொடுத்தார். மருந்துக்கடை கேட்டுக்கு எதிரில்தான் இருக்கிறது, போன காலோடு திரும்பிவிடலாம் என்று திரையை முழுவதும் இழுத்து மூடிவிட்டு இறங்கினேன். கேட்டில் தம்பி நின்றுகொண்டிருந்தான். பாஸ் இல்லாமல் அவனை விடவில்லை. என் பாஸைக் கழற்றி அவனிடம் கொடுத்து, தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள், எழுப்பாதே என்று மட்டும் சொன்னேன். பிள்ளை எங்கே தூங்குகிறான் என்று சொல்லவில்லை. சொன்னால் அவன் போய் சிஸ்டரிடம் உளறிவிடுவான், காலையில் பட்டது போதாதென்று மறுபடியும் ஒரு வகுப்பு நடக்கும் என்று நினைத்தேன்.

மருந்துக்கடையில் கூட்டம். நிற்கும்போது என் கடையிலிருந்து ஒரு மெத்தை ஆர்டர் பற்றிப் போன் வந்தது. அதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி கூப்பிட்டது எனக்குத் தெரியவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வெளியே ஒரே கும்பல். உள்ளே ஒரு குழந்தையைக் காணவில்லை, யாரையும் உள்ளேயும் விட மாட்டோம் வெளியேயும் விட மாட்டோம் என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அந்தக் கும்பலில் நின்று பேசினேன். பச்சைப் பிள்ளையைத் திருடுகிறவள் கையை முறிக்க வேண்டும் என்றேன். பெற்றவளுக்கும் புத்தி வேண்டாமா, பிள்ளையை விட்டுவிட்டு அப்படி என்ன தூக்கம் என்றேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். எல்லோருடைய பையையும் சோதித்துப் பாருங்கள் என்று வாட்ச்மேனுக்கு யோசனை வேறு சொன்னேன். நம் பிள்ளை திரைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறான் என்ற தைரியத்தில் பேசினேன்.

அப்போது தம்பி மறுபடியும் போன் செய்தான். எடுத்ததும் அழுதான்.

"அக்கா, புள்ளைய காணோம்க்கா."

எனக்குப் பயம் வரவில்லை, சிரிப்பு வந்தது. இவ்வளவு அமளியும் நம்மால்தானா என்று இருந்தது. "டேய், அவன் எங்கயும் போகல. அந்த வகுப்பு ரூம்ல, மூலையில திரைக்குப் பின்னாடி தொட்டில்ல தூங்குறான்" என்றேன்.

"அங்கதான் முதல்ல பார்த்தோம். சிஸ்டரும் பார்த்தாங்க, நானும் பார்த்தேன். அந்தத் தொட்டில்ல பொம்மைதான்க்கா குப்புறக் கிடக்கு."

பொம்மை அலமாரியில் இருக்கிறது. அவர்கள் இத்தனை பேர் அந்த அறைக்குள் ஓடி வந்திருக்கிறார்கள், திரையை இழுத்திருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள். அவ்வளவு சத்தத்துக்கும் அவன் அசையவில்லை. அசைந்திருந்தால் பொம்மை என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

"பொம்மைய நான் அலமாரில வச்சேன்டா" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

அவன் போனை வைக்கவில்லை. அவன் ஓடுவது கேட்டது. அதன் பிறகு திரை வளையங்கள் கம்பியில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு சிஸ்டரின் குரல், விலகுங்கள் விலகுங்கள் என்று. அதற்கு மேல் பிள்ளையின் சத்தம் வர வேண்டும், வரவில்லை. நான் கேட்டைப் பிடித்து உலுக்கி, திறந்து விடுங்கள், அந்தப் பிள்ளையைத் தூக்கியது நான்தான் என்று கத்தினேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்றால், அப்படிச் சொன்னால் கதவைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். கும்பல் என் மேல் விழுந்தது. முடியைப் பிடித்தார்கள், அடித்தார்கள். கொஞ்சம் முன்னால் எனக்கு ஆமாம் போட்டவர்கள்தான். அவர்கள் மேல் எனக்கு வழக்கு எதுவும் வேண்டாம். வலி எனக்குத் தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நான் அவர்களிடம் ஒன்றுதான் கெஞ்சினேன்.

"சத்தம் போடாதீங்க. புள்ள அழறானான்னு கேக்கணும்."

யாரும் சத்தத்தை நிறுத்தவில்லை. போன் கட்டாகிவிட்டது. அதன் பிறகு பெண் போலீஸ் வந்து என்னைக் கும்பலிலிருந்து இழுத்து உள்ளே கொண்டுவரும் வரை என் தலைக்குள் காலையில் சிஸ்டர் சொன்னது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கப் பலம் இருக்காது, தான் விட்ட மூச்சையே இழுக்கும், அழக்கூடச் செய்யாது. ஒரு சொல்கூட விடாமல் ஞாபகம் இருந்தது. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டதாகத்தான் காலையில் நினைத்தேன். கை மடக்கி அழுத்திய அந்தத் தலையணை கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

உள்ளே நடந்ததை சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திருப்பிப் போட்டபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது, மூச்சு இல்லை. அவர் தன் வாயால் மூச்சு ஊதியிருக்கிறார். தம்பி அந்த அறையின் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை ஒரு முறை விக்கியிருக்கிறான், அதன் பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம். இப்போது அவனைக் கண்ணாடி அறையில் வைத்திருக்கிறார்கள். தானாக மூச்சு விடுகிறான். ஆனால் எவ்வளவு நேரம் மூச்சு இல்லாமல் இருந்தான் என்று யாருக்கும் தெரியாது, இன்னும் சில நாள் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்கிறார். தேடி வந்தபோது அந்தத் தொட்டிலை எட்டிப் பார்த்து, பொம்மைதான் என்று முதலில் சொன்னது சிஸ்டர்தான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளவும். அது பொம்மையின் இடம், அங்கே பொம்மை இருக்கும் என்று நினைப்பது யாருக்கும் இயல்புதான்.

நான் திருடும் நோக்கத்தில் தூக்கவில்லை என்று தம்பியும் தம்பி மனைவியும் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தையைக் குப்புறப் போடுவது ஆபத்து என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும் என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார். தம்பியும் என் காலடியில் உட்கார்ந்து, அப்படியே சொல்லிவிடு என்று கெஞ்சினான். அவன் என் நல்லதுக்குத்தான் சொல்கிறான். ஆனால் தெரியாமல் என்று எழுத வேண்டாம். காலையில் எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார்கள். நான் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னார்கள். அந்தத் தொட்டில் எதற்கு இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாது. குழந்தையை எப்படிப் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். என் தலையணையைக் குறை சொல்லிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் செய்தேன். அப்படியே எழுதவும்.

இதை எழுதுவதற்கு நடுவில் பெண் போலீஸுடன் என்னை ஒரு முறை மேலே கூட்டிப் போனார்கள். தம்பி மனைவி அந்தக் கண்ணாடி அறைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தையல் போட்ட உடம்பு, நேராக உட்காரக்கூட முடியவில்லை. நான் தூரத்திலேயே நின்றேன். அவள் காலில் விழலாம் என்றுதான் போனேன், கால் நகரவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணி, அவன் நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். கண்ணு சொருகுது, பயத்துல மூட முடியல. கையெழுத்துப் போட்டுட்டு வந்து இங்க உக்காருங்க" என்றாள்.

என்னை நம்பாதே, வேறு யாரையாவது உட்கார வை என்று சொன்னேன்.

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. என்னை விட்டா உங்க அளவுக்குப் பயந்தவங்க இங்க யாரும் இல்ல. அதான் உங்களக் கூப்பிடுறேன்" என்றாள்.

மேலே எழுதியிருப்பது நான் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதியது. ஒரு வரி விடாமல் எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் பக்கம் சாய்த்தோ எனக்கு எதிராகவோ எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. நடந்தது நடந்தபடி இவ்வளவுதான், இதற்குப் பொறுப்பு நான். தம்பி மனைவி தூங்க வேண்டும், நான் மேலே போய் உட்கார வேண்டும் என்பதால் இத்துடன் முடித்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது:
பெண் காவல் ஆய்வாளர், ஆஸ்பத்திரி புறக்காவல் அறை.